நடித்தவர் பெயர் எந்தப் பதிவேட்டில்?

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு சந்து வீட்டில் குடியிருக்கும் நடிகை ஒருவரின் முப்பது ஆண்டுத் தொழிலும் ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் இருக்கிறது. நாடக அழைப்பிதழ்கள், ஓரம் கிழிந்த நோட்டீஸ்கள், கும்பலாக நிற்கும் சில போட்டோக்கள், நாளிதழிலிருந்து வெட்டிய ஒரு விமர்சனம், கணக்கில் பணமில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிய காசோலைக்கான சீட்டு ஒன்று. விமர்சனத்தில் இயக்குநர் பெயர் இருக்கிறது, நாடகம் எழுதியவர் பெயர் இருக்கிறது. தாயாக வந்தவர் நன்றாகச் செய்திருந்தார் என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்தத் தாயின் பெயர் மட்டும் இல்லை. நடித்ததற்கு ஒப்பந்தம் என்று ஒரு தாளாவது உண்டா என்று கேட்டேன். "எழுதிக் குடுங்கன்னு கேட்டா அடுத்த தடவ யாரு தம்பி கூப்பிடுவாங்க?" என்றார்.

அவர் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. எழுதினால் வேலை நின்றுவிடும் என்று பயப்படுகிறார். உழைத்துச் சம்பாதிக்கும் ஒரு பெண் தன் பெயரைச் சொல்லிப் புகார் செய்ய அஞ்சும் நிலை புதுச்சேரியில் இருக்கிறது என்பதே நான் முன்வைக்கும் முதல் புகார்.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வீதி நாடகங்களில் தொடங்கியவர் அவர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. லாந்தர் வெளிச்சத்திலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் கிராமம் கிராமமாகப் போய், எழுத்தறியாத பெண்கள் முன்னால் எழுத்தறியாத பெண்ணாக நடித்தார். பிறகு நவீன நாடகக் குழுக்கள், பள்ளிக்கூட நிகழ்ச்சிகள், மாணவர்களின் குறும்படங்கள், இரண்டொரு தொலைக்காட்சித் தொடர்கள். அதன் பிறகு பாண்டியில் ஷூட்டிங் என்று வரும் சினிமா கம்பெனிகள். மீன் விற்பவர், வேலைக்காரம்மா, சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பவர், கதாநாயகியின் பக்கத்து வீட்டு அத்தை. வசனம் இருந்தால் இரண்டு வரி. அந்த இரண்டு வரியை அவர் சொல்லும் விதத்தைத் திரையில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முப்பது ஆண்டு மேடையேறியவரின் குரல் அது.

மேடையிலிருந்து திரைக்குப் போவது தமிழில் நூறாண்டுப் பழைய பாதை. அதன் தொடக்கத்தில் நிற்பவரின் சமாதி நம் ஊரில்தான் இருக்கிறது. நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13-ல் புதுச்சேரியில் இறந்தார். கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பெண் வேடத்தையும் பெரும்பாலும் பையன்களே போட்ட காலம் அது. அவருடைய கம்பெனியே சிறுவர் கம்பெனி. தமிழின் முதல் பேசும்படமாகச் சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931-ல் வந்தபோது அதில் கதாநாயகியாக நடித்த டி.பி. ராஜலட்சுமி, சாமண்ணா ஐயர் நாடகக் குழுவில் சிறுமியாகச் சேர்ந்தவர். அங்கே சேர சுவாமிகள்தான் கைகொடுத்தார் என்று நாடக உலகில் சொல்வார்கள். அதே ராஜலட்சுமி 1936-ல் 'மிஸ் கமலா'வை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநரானார். கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் நாடக மேடையில் பாடிப் பேரெடுத்து, 1935-ல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். பிறகு சட்ட மேலவைக்கும் போனார். மனோரமா பள்ளத்தூரில் வளர்ந்து நாடகக் குழுக்களில் உழைத்து, 1958-ல் 'மாலையிட்ட மங்கை' வழியாகத் திரைக்கு வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துவிட்டு 2015-ல் மறைந்தார்.

இந்த மூன்று பெயரையும் விழா மேடைகளில் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. அவர்களோடு அதே கம்பெனியில், அதே கொட்டகையில் நடித்த மற்ற பெண்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகம் ஆடும் நடிகைகளைப் பற்றி அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்து 2005-ல் ஒரு நூல் வெளியிட்டார். இரவு முழுதும் ஆடிவிட்டு வரும் நடிகை, ஊர்க்கண் படாமல் வேனுக்குள் அடைந்து வீடு திரும்புவதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த ஊர்களிலாவது நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. தேதி எழுதும் நோட்டு இருக்கிறது, முன்பணம் வாங்கும் வழக்கம் இருக்கிறது, தகராறு வந்தால் போய் உட்கார ஒரு சங்கக் கட்டடம் இருக்கிறது. நெல்லித்தோப்பு நடிகைக்கு அதுவும் இல்லை.

கலைக்குப் பஞ்சமான ஊர் இல்லை இது. பாரதிதாசன் நாடகம் எழுதிய ஊர். காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறைக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரையே வைத்திருக்கிறார்கள்; அதன் தொடக்க காலத்தில் தலைமை தாங்கியவர் இந்திரா பார்த்தசாரதி. வீணாபாணி சாவ்லாவின் ஆதிசக்தி உலகம் சுற்றிய குழு. இந்தியநாஸ்ட்ரம் குழு பழைய சினிமாக் கொட்டகை ஒன்றையே நாடக அரங்காக மாற்றியது. பாரிஸின் தியேத்ர் து சொலெய் குழு 2015 கடைசியில் இங்கே வந்து தங்கிப் பயிலரங்கு நடத்தி, புரிசைக் கூத்துக் கலைஞர்களோடு வேலை செய்தது. சினிமாக்காரர்களுக்கும் பாண்டி சலித்ததில்லை. 'லைஃப் ஆஃப் பை' வந்தது, 'நானும் ரவுடிதான்' வந்தது. இன்றும் பிரெஞ்சுக்காரர் வீதிகளில் ஜெனரேட்டர் வண்டி நிற்காத மாதம் அபூர்வம். சிறந்த படத்துக்குப் புதுச்சேரி அரசு தரும் விருதுக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர்தான்.

சுவாமிகளின் பெயரால் விருது தரும் ஊரில், அவர் தொழிலைச் செய்யும் பெண் ஒரு படப்பிடிப்பு நாளை எப்படிக் கழிக்கிறார் என்பதைப் பாருங்கள்.

முதல் நாள் இரவு ஒன்பதரைக்கு ஏஜென்டிடமிருந்து போன் வருகிறது. "அக்கா, காலைல அஞ்சு மணிக்கு நெல்லித்தோப்பு சிக்னல்ல நில்லுங்க, வண்டி வரும். காட்டன் புடவை ரெண்டு எடுத்துக்குங்க, பளபளன்னு வேணாம்." எந்தப் படம், என்ன காட்சி, எத்தனை மணிக்குப் பேக்கப், எவ்வளவு சம்பளம் என்ற எதுவும் அந்தப் பேச்சில் இல்லை. நாலரைக்கு எழுந்து அரை டம்ளர் காபியோடு நிறுத்திக்கொள்கிறார். அதற்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. மதியச் சாப்பாட்டின்போதும் இரண்டு மிடறுதான். கதாநாயகிக்கு கேரவன் இருக்கும். துணை நடிகைகளுக்குக் கழிப்பறை இருக்காது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். கடற்கரை ஓரம், சவுக்குத் தோப்பு, ஊசுடு ஏரிப் பக்கம் என்றால் அக்கம்பக்கத்தில் வீடே இருக்காது. நகருக்குள் என்றால் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டிக் கெஞ்ச வேண்டும். வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் இப்படி இருந்து இருந்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலும் அவருக்கு மாறிமாறி வருகின்றன. "சிறுநீர்ப் பாதைத் தொற்று, நிறைய தண்ணி குடிங்க" என்று டாக்டர் சொல்லும்போது அக்கா தலையாட்டிவிட்டு வருகிறார். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். அந்த நாட்களில் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடும் பெண்கள் உண்டாம். அதாவது அந்த மாத வருமானத்தில் அத்தனை நாள் போயிற்று.

உடை மாற்ற வேண்டுமா? இரண்டு பேர் ஒரு புடவையை விரித்துப் பிடித்துக்கொள்வார்கள், மூன்றாமவர் மாற்றுவார். இப்போது எல்லார் கையிலும் செல்போன். புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இருவரும் திரும்பித் திரும்பி யார் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள்.

இதைத் துணை நடிகைகளின் தலையெழுத்து என்று தள்ளிவிட முடியாது. கேரளத்தில் 2017-ல் ஒரு நடிகை தாக்கப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழு, 2019 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தது. நாலரை ஆண்டுக்கு மேல் அது அலமாரியில் கிடந்து 2024 ஆகஸ்ட் 19-ல் வெளிவந்தது. பாலியல் தொல்லைகள்தான் செய்தியாயின. கழிப்பறை இல்லாததால் பெண்கள் படப்பிடிப்பில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. நெல்லித்தோப்பு அக்கா மலையாளப் படத்தில் நடித்தவர் இல்லை. கேரள நீதிபதி எழுதியதும் நம் சந்து வீட்டுப் பெண் சொன்னதும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்கின்றன.

அறிக்கை வந்த சில வாரங்களில் சென்னையில் நடிகர் சங்கம் கூடி, நடிகை ரோகிணி தலைமையிலான புகார்க் குழு இருப்பதை எடுத்துச் சொல்லி, குற்றம் உறுதியானால் ஐந்தாண்டுத் தடை என்று அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் நம் அக்காவிடம் சங்கத்தின் கார்டு இல்லை. "கார்டு இருக்கா?" என்று ஏஜென்ட் கேட்பார், இல்லை என்றால் சம்பளத்தைக் குறைத்துப் பேசலாம் என்பதற்காகவே கேட்பார். பாண்டியில் உள்ளூர் ஆட்களை எடுத்தால் செலவு மிச்சம் என்று கம்பெனிகள் சொல்வதற்கு அர்த்தம் இதுதான்.

சம்பளம் வந்து சேரும் வழி இன்னொரு கதை. கம்பெனி மேனேஜர் ஏஜென்டிடம் கொடுக்கிறார். ஏஜென்ட் உள்ளூர் ஆளிடம் கொடுக்கிறார். உள்ளூர் ஆள் தன் பங்கை எடுத்துக்கொண்டு கவரில் வைத்துக் கொடுக்கிறார். கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று கவர் வாங்குபவருக்குத் தெரியாது. பேக்கப் ஆகி இரவு பதினொன்றானால் பேட்டா கூடுதலாகத் தர வேண்டும். ஆனால் பதினொன்று ஆனது என்று எங்கே எழுதியிருக்கிறது? சினிமாத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வேலைக்கு வைக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் 1981-லேயே சட்டம் போட்டது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஒலி-ஒளிப் பணியாளர் என்ற பெயரில் அந்த விதி தொடர்கிறது. அப்படி ஒரு ஒப்பந்தத்தை அக்கா கண்ணால் பார்த்ததில்லை.

காகிதத்தின் அருமை புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்தா என்னும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடுகள் இங்கே எத்தனை! தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததற்கான தாளைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பங்களில் பாட்டிக்குப் பென்ஷன் வந்தது. தாளைத் தொலைத்த வீடுகள் அலைந்தன. அந்த பிரான்சில் இன்றைக்கு ஒரு நாடக நடிகையின் நிலை என்ன தெரியுமா? பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததற்கான பதிவைக் காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. 1936-ல் சினிமாத் தொழில்நுட்பக்காரர்களுக்குத் தொடங்கிய ஏற்பாடு பின்னாளில் நடிகர்களுக்கும் வந்தது. கலைஞர்களுக்கு எப்போதும் வேலை இருக்காது, விட்டுவிட்டுத்தான் இருக்கும் என்பதை அரசே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. அவ்வளவு பெரிய தொகைக்கு நம்மிடம் வழியில்லை என்று சொல்லலாம். மணிக்கணக்கை எழுதி வைக்கப் பணம் வேண்டாமே.

ஆகவே நான் கேட்பது முதலில் ஒரு பணிப் புத்தகம். கலை பண்பாட்டுத் துறை, புதுச்சேரியில் குடியிருக்கும் மேடை, திரைக் கலைஞர்கள் ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட ஒரு புத்தகம் தரட்டும். நாடகம் நடத்தும் குழுவும் படமெடுக்கும் கம்பெனியும் தேதி, இடம், பாத்திரம், வேலை நேரம், தந்த தொகை ஐந்தையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இது இருந்தால் சம்பளத் தகராறில் ஆதாரம் கிடைக்கும். நலிந்த கலைஞர் உதவிக்கோ விருதுக்கோ விண்ணப்பிக்கும்போது சிபாரிசுக் கடிதத்துக்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டில் இயல் இசை நாடக மன்றம், நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம், திரைப்படத் துறையினர் நல வாரியம் என்று தனித்தனியே அமைப்புகள் இருக்கின்றன. அவை தமிழ்நாட்டுக் கலைஞர்களுக்கானவை. எல்லையான கோரிமேட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நம் அரசுதான் செய்ய வேண்டும்.

அடுத்தது படப்பிடிப்பு அனுமதி. கம்பெனி பொது இடத்தில் படமெடுக்க அரசிடம் வந்து அனுமதி வாங்குகிறது, கட்டணம் கட்டுகிறது. பிடி நம் கையில் இருக்கும் நேரம் அது ஒன்றுதான். பெண்களுக்குத் தனியாக நடமாடும் கழிப்பறை, உடை மாற்ற மூடிய கூடாரம், எடுக்கப்படும் உள்ளூர் கலைஞர்களின் பட்டியல், அவரவர் வங்கிக் கணக்குக்கே நேரடிச் சம்பளம், இரவு ஒன்பதுக்கு மேல் போனால் வீட்டு வாசல்வரை வண்டி ஆகியவற்றை நிபந்தனையாக எழுதுங்கள். முன்வைப்புத் தொகை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளூர்க் கலைஞர் எல்லாருக்கும் பட்டுவாடா முடிந்தது என்று கணக்குக் காட்டிய பிறகு திருப்பிக் கொடுங்கள். நிபந்தனை போட்டால் கம்பெனிகள் வேறு ஊருக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு வரும். ஒரு நாள் படப்பிடிப்பின் ஜெனரேட்டர் வாடகையோடு ஒரு நடமாடும் கழிப்பறையின் வாடகையை வைத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும்.

புகார் செய்யும் உரிமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டுமானதில்லை. தினக்கூலிக்கு வந்தவர், ஏஜென்ட் மூலம் வந்தவர், சம்பளமே வாங்காமல் ஒத்திகைக்கு வந்தவர் எல்லாரும் அதில் அடங்குவார்கள். கம்பெனி அனுப்பிய வண்டியில் நடந்ததும் பணியிடத்தில் நடந்ததாகவே கணக்கு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் புகார்க் குழு இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவிலும் அது வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் சொல்லிவிட்டது. பத்துப் பேர் இல்லாத சின்ன நாடகக் குழு என்றாலோ, புகாரே முதலாளி மேல்தான் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். நவீன நாடகக் குழுக்களையும் சேர்த்தே சொல்கிறேன். பெண்ணியம் பேசும் நாடகம் போடுகிறோம் என்பதால் ஒத்திகை அறைக்குப் புகார்க் குழு வேண்டாம் என்று ஆகிவிடாது.

அக்காவிடம் உள்ளூர் குழுவைப் பற்றிச் சொன்னேன். "அது எங்க இருக்கு தம்பி?" என்றுதான் கேட்டார். படப்பிடிப்பு நடக்கும் இடத்தில், கேமரா வண்டிக்குப் பக்கத்தில், அந்தக் குழுவின் முகவரியும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் தொங்கினால் அவர் என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, ஒத்திகைக்கு இடம். கல்யாண மண்டப மாடியிலும், யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலும் நடக்கிறது இப்போது. இரவு எட்டரைக்கு மேல் பெண் பிள்ளைகள் அங்கே இருந்தால் அக்கம்பக்கம் பேசுகிறது. பேச்சுக்குப் பயந்து வீட்டில் அனுப்புவதில்லை. நடிக்க வந்த இருபது வயதுப் பெண்கள் நாலைந்து மாதத்தில் நின்றுபோவதற்கு இது பெரிய காரணம். நெல்லித்தோப்புப் பகுதியில் அரசுப் பள்ளிக் கூடம் ஒன்றை மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை, பொறுப்பாளர் ஒருவரை வைத்து, பெயரளவு வாடகைக்கு நாடகக் குழுக்களுக்குத் திறந்துவிடலாம். அரசுக் கட்டடத்தில், வெளிச்சத்தில், காவலாளி இருக்கும் இடத்தில் என்றால் எந்தத் தாயும் மகளை அனுப்புவாள்.

இதில் எதற்கும் புதிய சட்டம் தேவைப்படவில்லை. அனுமதி ஆணையில் நிபந்தனைகளைச் சேர்ப்பது அதை வழங்கும் அலுவலகத்தின் வேலை. உள்ளூர் குழுவின் எண்ணை ஒட்டச் செய்வது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. பள்ளியைத் திறந்துவிடக் கல்வித் துறையின் உத்தரவு போதும். பணிப் புத்தகத்துக்குக் கலை பண்பாட்டுத் துறை ஓர் அரசாணை வாங்க வேண்டும். வரும் பட்ஜெட்டில் அச்சுச் செலவுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். தொகுதி எம்.எல்.ஏ. இந்த நான்கையும் சட்டமன்றத்தில் கேள்வியாகவே எழுப்பலாம்.

அதுவரை, நெல்லித்தோப்பிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கும் நடிகைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நடித்த நாடகம், படம், தொடர் எல்லாவற்றையும் ஆண்டு, இடம், குழு, பாத்திரம் என்று வரிசையாக எழுதுங்கள். அழைப்பிதழையும் போட்டோவையும் நகலெடுத்து இணையுங்கள். இனி வரும் வேலைக்குச் சம்பளம் எவ்வளவு, நேரம் என்ன என்பதை ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு, பதில் வந்த பிறகே வண்டி ஏறுங்கள். தனியாகக் கொடுக்கப் பயமாக இருந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து, ஒரே மனுவாகக் கலை பண்பாட்டுத் துறை இயக்குநரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.